ஒற்று

ஐந்து ரோட்டில் ஏறும்போதே
வேனில் பதினாறு பேர்.
அடிவாரத்தில் ஏறிய பதினேழாமவர்
அந்துவான், புதுச்சேரி,
காலில் மாவுக்கட்டு.
இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை.
பெட்டி தேடுகிறவர்களுக்குப் புனைபெயர் போதும்.

மூக்குத்திப்பூ என்றேன்.
நடுவில் ஒரு ப் உண்டு என்று
இரண்டு முறை சொன்னேன்.
கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவள்.
எனக்கு அது வியாதி.

ஏரிக்கரையில் தட்டுவடை செட் தீர்ந்ததும்
யூசுப் கனி பெஞ்சில் ஏறிக் கத்தினார்:
எடுத்த இடத்தில் வையுங்கள், எடுத்தபடி வையுங்கள்.
மிளகுக் கொடியை இழுக்காதீர்கள்,
அது இன்னொருவர் சம்பளம்.
முதலில் கண்டவர் சத்தம் போடாதீர்கள்,
பின்னால் வருகிறவரும் கொஞ்சம் தேடட்டும்.
கண்டவர் மட்டும் எழுதுங்கள்.
கடைசி வரி வந்தபோது
பாதிப் பேர் போனில் வரைபடத்தை
விரலால் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாகலூர்ச் சாலையில் வேன் நின்றது.
சில்வர் ஓக் வரிசைக்குள்
எல்லோரும் ஓடி மறைந்தார்கள்.
நான் போகவில்லை.
பிறந்ததிலிருந்து சேலம்,
ஆனாலும் இந்த மலை
என் வயிற்றை ஒவ்வொரு முறையும் வெல்கிறது.
சாலையோரக் கல்லில் உட்கார்ந்து
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன்.

மூன்றே நிமிடம்.
மேலேயிருந்து ஒரு குரல்:
கெடச்சாச்சு! எல்லார் பேரையும் நானே போட்டுடறேன்,
வண்டியை எடுங்க, அடுத்தது பகோடா பாயின்ட்!

அந்துவான் ஜன்னலுக்கு வெளியே
தலையை நீட்டிக் கத்தினார்:
என் பேர் வேணாம்! நான் வண்டியிலதான் இருக்கேன்!
நான் வாயைத் திறக்கவில்லை.
குமட்டல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை பள்ளிக்கூட ஹாலில்
எண்ணிக்கை வாசித்தார்கள்.
அந்துவான், இரண்டு.
மூக்குத்திப்பூ, இருபத்து மூன்று.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
யாருக்கோ தட்டுவதுபோல.

செவ்வாய்க்கிழமை அச்சகம் விடுமுறை.
முதல் பஸ், முன் சீட், வாயில் இஞ்சி.
நாகலூர் போய்ச் சேர்ந்தபோது
பனி, மரங்களின் இடுப்புவரை.
நாற்பது நிமிடம் தேடினேன்.
அட்டை ஒன்று கணுக்காலைக் கண்டுபிடித்தது.
தூரத்தில் ஒரு காட்டெருமை
என்னைப் பார்த்துவிட்டு
பெரிதாக ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டது.

பிறகு, பட்டை உரிந்த ஒரு மரத்தின்
வேர்ப்பொந்தில், சருகுக்கு அடியில்,
மூடி சிவந்த ஊறுகாய் டப்பா.
சுருட்டிய தாளை விரித்தேன்.
ஒரே மையில், ஒரே சாய்வில் பதினாறு பேர்,
பந்தியில் ஒரே கரண்டி பரிமாறியதுபோல.
பத்தாவது வரியில் நான்:
மூக்குத்திபூ.

பையில் சிவப்புப் பேனா இருந்தது.
எப்போதும் இருக்கும்.
தி-க்கும் பூ-வுக்கும் நடுவே
ஒரு சின்னக் கூரை, மேலே ஒரு ப்,
அதன் தலையில் ஒரு புள்ளி.
அவ்வளவுதான்.
அப்புறம் அந்த வரி முழுதும் என் கைபட்டது,
ஞாயிற்றுக்கிழமை நான் மேலே ஏறியவள்.
ஆயிரம் மாப்பிள்ளைகளின் பெயரை
இப்படித்தான் நேர்செய்திருக்கிறேன்.

பேனா தாளைத் தொடும் தூரத்தில்
கொஞ்ச நேரம் நின்றது.

மூடி வைத்தேன்.
நீலத்தை எடுத்து
பட்டியலுக்குக் கீழே தேதி போட்டேன்.
என் பெயரை ஒற்றோடு எழுதினேன்,
அழுத்தம் அடுத்த வெற்றுத் தாளில்
பதியும் அளவுக்கு.
பத்தாவது வரியை அடிக்கவில்லை.
அவள் வேனில் வந்த யாரோ,
பேச வேண்டிய இடத்தில் பேசாதவள்.
அவளும் அன்று இந்த மலையில்தான் இருந்தாள்.

சருகை முன்பிருந்தபடி மூடினேன்.
மிளகுக் கொடியை இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனில்
இருபத்து மூன்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
பதிமூன்றை அழித்தேன்.
கிளியூர் அருவிப் படியில் மட்டும் சந்தேகம்:
என் விரலில் பட்டது பெட்டியின் மூடியா,
பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றவளின் வளையலா?
குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

அதை வைத்துக்கொண்டேன்.